கேமராவுக்கு எந்த மைக்?

சுந்தரபாண்டியம் கைத்தறிச் சேலை நெய்யும் ஊர். தறியில் இருக்கும் ஒரு நெசவாளரை எட்டடி தள்ளி நின்று வீடியோ எடுத்தால் படம் தெளிவாக விழும், பேச்சு தறிச் சத்தத்தில் அமுங்கிவிடும். கேமராவின் சொந்த மைக்குக்குக் குரலும் நாடா ஓடும் சத்தமும் ஒன்றுதான். ஜூம் மோட்டாரின் இரைச்சலையும் அது சேர்த்துப் பதியும். தனி மைக் இதற்காகத்தான்.

வாங்கும் முன் கேமராவில் 'மைக்' என்று குறித்த 3.5 மி.மீ. துளை இருக்கிறதா என்று பாருங்கள். ஹெட்போன் துளையும் அதே அளவுதான், ஏமாந்துவிடக் கூடாது. போனுக்கான மைக் பின்னில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும், கேமராவுக்கானதில் இரண்டு. துளையே இல்லையென்றால் போனில் மைக்கைச் செருகித் தனியாகப் பதியுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டினால், எடிட்டிங்கில் படத்தையும் ஒலியையும் அந்த இடத்தில் பொருத்திவிடலாம்.

ஒருவர் பேசுவதைப் பதிய காலர் மைக்தான் நல்லது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும். எட்டடியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு வந்தால் ஏறக்குறைய 20 டெசிபல் கூடிவிடும். தறிச் சத்தம் அந்த அளவுக்கு ஏறாது. நெய்பவரின் கை ஓயாமல் ஆடுவதால் வயர் இழுபடும், அங்கே வயர்லெஸ் வசதி. முடிந்தால் தறியை நிறுத்திப் பேச்சை எடுங்கள், தறியின் ஓசையைத் தனியே பதிந்து பின்னால் சேர்த்துவிடுங்கள்.

நீளமான ஷாட்கன் மைக் பக்கவாட்டுச் சத்தத்தைக் குறைக்கும். தூரத்துக் குரலை அது அருகில் இழுத்து வராது. எதிரொலிக்கும் சின்ன அறையில் அதனால் பெரிய பயனும் இல்லை. இருவர் மூவர் பேசும் திறந்த வெளிக்கு அது பொருந்தும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தில் சிக்கல் வேறு. தவில் ஓங்கி ஒலித்தால் தானியங்கி ஒலியளவு மொத்தத்தையும் அமுக்கும், ஓய்ந்ததும் கூட்டத்தின் இரைச்சலைத் தூக்கும். ஒலியளவைக் கையால் குறைத்து வைக்கும் வசதி உள்ள கேமராவோ மைக்கோ வேண்டும். ஒலியளவுக் காட்டியில் உச்சச் சத்தம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். ஆடிக்காற்றுக்கு ஸ்பாஞ்சு உறை போதாது, ரோம உறை போடுங்கள்.

கையில் உள்ள பணம் குறைவென்றால் சாதாரண காலர் மைக்கும் ஹெட்போனும் வாங்குங்கள். ஹெட்போன் துளை உள்ள கேமராவில் கேட்டுக்கொண்டே எடுக்கலாம். இல்லாததில் பத்து வினாடி பதிந்து, போட்டுக் கேட்டுவிட்டுப் பேட்டியைத் தொடங்குங்கள்.