130 பவுண்டு பாக்கி

வாடகை இடத்தைப் பாதியில் காலி செய்ய முடிவெடுத்த மெரால் நிறுவனம் முறைப்படி நோட்டீஸ் கொடுத்தது. அதற்கென ஒப்பந்தத்தில் இருந்த தனித்தொகைக்குக் காசோலையும் அனுப்பியது. ஆனாலும் குத்தகை முடியவில்லை. விலகும்போது பாக்கி ஏதும் நிற்கக்கூடாது என்பது ஒப்பந்த நிபந்தனை; முன்பு வாடகையைத் தாமதமாகக் கட்டிய வகையில் ஏறத்தாழ 130 பவுண்டு வட்டி பாக்கி நின்றது. உரிமையாளர் அதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் பாக்கி பாக்கிதான் என்று 2011இல் தீர்ப்பளித்தது இங்கிலாந்து உயர் நீதிமன்றம்.

கடையோ கிடங்கோ அலுவலகமோ, அங்கே குத்தகை ஐந்து, பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு எழுதப்படுகிறது. வியாபாரம் படுத்துவிட்டாலும் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் குறிப்பிட்ட தேதியில், பெரும்பாலும் ஆறு மாத முன்னறிவிப்போடு விலகிக்கொள்ள 'பிரேக் கிளாஸ்' என்ற விதியைக் கேட்டு வாங்குகிறார்கள். லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் கடை வைத்திருக்கும் தமிழர்களுக்கும் இதே சட்டம்தான். விதி கையில் இருக்கிறது என்ற தைரியத்தில், அதன் நிபந்தனைகளைப் படிக்காமல் விட்டவர்கள்தான் மாட்டுகிறார்கள்.

நோட்டீஸிலேயே தொடங்குகிறது சிக்கல். ஜனவரி 13 என்று எழுதவேண்டிய இடத்தில் 12 என்று எழுதிவிட்ட மன்னாய் நிறுவனத்தின் வழக்கு, அப்போது இறுதி நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவை வரை போனது. 1997இல் ஐந்து நீதிபதிகளில் மூவர் அதன் பக்கம் நின்றதால் பிழைத்தது. படிப்பவருக்கு நோக்கம் தெளிவாகத்தானே புரிகிறது என்றார்கள். அதே தீர்ப்பில் ஹாஃப்மன் பிரபு இன்னொன்றும் சொன்னார்: ஒப்பந்தம் நீலத் தாள் கேட்டால், இளஞ்சிவப்புத் தாளில் தரும் நோட்டீஸ் செல்லாது. 2014இல் சீமென்ஸ் ஹியரிங் நிறுவனம் தோற்றது இந்த இடத்தில்தான். 1954ஆம் ஆண்டு நில உரிமையாளர்–குத்தகைதாரர் சட்டத்தின் ஒரு பிரிவைக் குறிப்பிட்டு நோட்டீஸ் தரவேண்டும் என்றது அதன் குத்தகை. அந்த வாசகம் நோட்டீஸில் இல்லை.

இடத்தைக் காலி செய்வதும் அத்தனை எளிதல்ல. சிறு பழுதுகளை முடித்துவிடலாம் என்று கெடு தாண்டியும் சில நாள் கிடங்கில் ஆள் வைத்திருந்த என்.ஒய்.கே. லாஜிஸ்டிக்ஸ் 2011இல் வெளியேறும் உரிமையை இழந்தது. 2016இல் ஒரு அலுவலகத்தில் தடுப்புச் சுவர்களை அகற்றாமல் விட்டதற்காக இன்னொரு குத்தகைதாரர் தோற்றார். அதைக் கேட்டு எல்லாவற்றையும் பிடுங்கிவிடலாம் என்றால் அதுவும் ஆபத்து. லீட்ஸில் குளோபல் ரேடியோ உட்கூரைத் தகடு, ரேடியேட்டர், விளக்கு என அளவுக்கு மீறிக் கழற்றிவிட்டது என்று வழக்கு வந்தது. கீழ்நீதிமன்றத்தில் தோற்று, 2021இல் மேல்முறையீட்டில்தான் தப்பியது.

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. லண்டன் பேடிங்டனில் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 2012 ஜனவரி 24 அன்று வெளியேறியது. நிபந்தனைப்படி மார்ச் 24 வரையிலான காலாண்டு வாடகையை முழுதாகக் கட்டியிருந்தது. வெளியேறுவதற்கென 9,19,800 பவுண்டும் வரியும் தனியே கொடுத்திருந்தது. தான் இல்லாத இரண்டு மாத வாடகையைத் திருப்பிக் கேட்டது. ஒப்பந்தத்தில் எழுதாததைத் தாங்கள் சேர்க்க முடியாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. எழுத்தை மதிக்கும் சட்டத்தில் இது சரியாக இருக்கலாம்; நியாயம் என்று ஏற்க மனம் வரவில்லை.

பட்டயச் சர்வேயர்களின் ஆர்.ஐ.சி.எஸ். அமைப்பு 2020இல் வெளியிட்ட குத்தகை நெறிமுறை இந்த அநியாயத்தை ஒப்புக்கொள்கிறது. அடிப்படை வாடகை கட்டி, உள்வாடகைக்காரர் யாருமின்றி இடத்தை விட்டுக் கொடுத்தால் போதும், முன்கூட்டிக் கட்டிய மிகுதியைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது. ஆனால் இந்தப் பகுதி பரிந்துரை மட்டுமே. ஆகவே சாவி வாங்கும் முன்பே, பேரம் நடக்கும் கட்டத்தில், இந்த வரிகளை ஒப்பந்தத்தில் கேட்டு வாங்கவேண்டும். ஏற்கெனவே கையெழுத்திட்டவர்கள், நோட்டீஸ் தரும்போதே எல்லா பாக்கிக்கும் உரிமையாளரிடம் எழுத்தில் கணக்குக் கேட்கலாம். தகராறான தொகையையும் 'ஆட்சேபத்துடன்' என்று குறித்துக் கெடுவுக்குள் கட்டிவிட்டு, பிறகு திரும்பக் கோரலாம்.