எஃகின் மறைமுகப் பகைவர்
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

துருவை அறியாதவர் எவருமிலர். ஸ்ரீரங்கத்து வீட்டுக் கிணற்று வாளியும் திருச்சி வீதிகளில் நிற்கும் மிதிவண்டியும் மழைக்காலம் கழிந்ததும் செந்நிறம் பூண்பதைக் காண்கிறோம். அதைச் சுரண்டி வண்ணம் பூசிவிடலாம். ஆனால் வெளிப்பார்வைக்கு ஒரு குறையுமின்றி இருக்கும் எஃகுக் குழாய் திடீரெனப் பிளந்துவிடுவதும் உண்டு. அதற்குக் காரணமாகும் பகைவர் இருவர்: ஒன்று தகைவு, மற்றொன்று ஹைட்ரஜன்.

அரிமானம் ஒரு மின்வேதி வினை. ஈரம் பட்ட எஃகின் பரப்பில் ஓரிடம் ஆனோடாகவும் வேறோரிடம் கேத்தோடாகவும் செயற்படுகின்றன. ஆனோடில் இரும்பு எலக்ட்ரான்களை இழந்து கரைகிறது. நீர் அமிலத்தன்மை உடையதாயின், கேத்தோடில் ஹைட்ரஜன் அயனிகள் அந்த எலக்ட்ரான்களை ஏற்று அணுக்களாகின்றன. பெரும்பாலான அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து வாயுவாக வெளியேறும். எஞ்சிய சில எஃகினுள் நுழைந்துவிடும். ஹைட்ரஜன் சல்பைடு கலந்த வாயுவாயின், அணுக்கள் இணைவது தடைப்பட்டு, நுழைபவை மேலும் பெருகும்.

நுழைந்த அணுக்கள் எங்கே செல்கின்றன? எஃகிலுள்ள நுண்ணிய வெற்றிடங்களையும், இழுவிசை மிகுந்த விரிசல் முனைகளையும் நாடிச் செல்கின்றன. வெற்றிடத்தில் அவை மீண்டும் வாயுவாக இணைந்து, வெளியேற வழியின்றிப் பேரழுத்தத்தை உண்டாக்குகின்றன. விரிசல் முனையிலோ இரும்பணுக்களின் பிணைப்பைத் தளர்த்துகின்றன. வளையக்கூடிய எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை அடைகிறது. அமிலத்தில் தோய்ந்த இரும்பு இவ்வாறு வலுவிழப்பதை ஜான்சன் என்பவர் 1875-லேயே கண்டறிந்தார்.

இனித் தகைவைக் காண்போம். குழாயின் விட்டம் 450 மி.மீ., சுவரின் கனம் 9 மி.மீ. எனக் கொள்வோம். உள்ளிருக்கும் அழுத்தத்தைப் போல் 25 மடங்கு தகைவு சுவரில் ஏற்படும். அரிமானத்தால் கனம் பாதியானால் அது 50 மடங்காகும். தகைவும் அரிக்கும் சூழலும் கூடினால், தனித்தனியே ஒன்றும் செய்ய இயலாத அளவிலேயே விரிசலை உண்டாக்கும். ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவிலிருந்த படைகளின் பித்தளைத் தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்புக் கண்டன. கூடுகளை இழுத்து உருவாக்கியபோது உள்ளே தங்கிய தகைவும், குதிரை லாயங்களிலிருந்து வந்த அம்மோனியாவுமே காரணம் எனப் பின்னர் தெளிவாயிற்று. 1965-இல் அமெரிக்காவின் லூசியானாவில் வாயுக் குழாய் ஒன்று இத்தகைய விரிசலால் வெடித்து 17 பேர் மாண்டனர்.

இது நம் ஊருக்கும் நெருங்கிய செய்தியே. திருவெறும்பூர், துவாக்குடிப் பகுதிகளில் வெல்டிங் தொழிலால் வாழும் குடும்பங்கள் பல. வெல்டரான என் தந்தை, "ராடு காயாமல் வேலையைத் தொடாதே" என்பார். ராடின் பூச்சிலுள்ள ஈரம் வில்லின் வெப்பத்தில் சிதைந்து ஹைட்ரஜனைத் தருகிறது. அது உருகிய உலோகத்தில் கரைகிறது. இணைப்பு குளிர்ந்து சுருங்கும்போது தகைவும் தோன்றுகிறது. விரிசல் உடனே தெரியாமல் பல மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம். ஆகவேதான் குறைந்த ஹைட்ரஜன் ராடுகளை ஓவனில் 300 டிகிரி செல்சியசுக்கு மேல் உலர்த்துகின்றனர். கனமான எஃகை முன்னதாகவே சூடேற்றுகின்றனர்.

மண்ணில் புதைக்கும் குழாய்க்குப் பூச்சும் கேத்தோடு பாதுகாப்பும் தருவர். குழாய்க்கு வெளியிலிருந்து எலக்ட்ரான்களை ஊட்டி இரும்பு கரையாமல் காப்பது பின்னதன் நோக்கம். ஆனால் மின்னழுத்தத்தை மிகையாக்கினால் குழாயின் பரப்பிலேயே ஹைட்ரஜன் பிறக்கும். பூச்சு கழன்றுவிடும், வலிமை மிகுந்த எஃகு நொறுங்கும் தன்மை அடையும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சன்றோ!

2014 ஜூன் 27 அன்று ஆந்திரத்தின் நகரம் என்னும் சிற்றூரில் வாயுக் குழாய் வெடித்து, 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வாயுவோடு வந்த நீர் குழாயை உள்ளிருந்து அரித்திருந்தது. அங்கே ஹைட்ரஜன் விரிசல் அன்று, சுவர் மெலிந்ததே கேடு. எனினும் பாடம் ஒன்றே: உள்ளே நிகழ்வதை வெளியிலிருந்து பார்த்து அறிய இயலாது, இடைவிடாது சோதித்தே அறிய வேண்டும்.

1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அரிமானத்தை ஆய்ந்து வருகிறது. நாளை ஹைட்ரஜனையே எரிபொருளாகக் குழாய்வழி அனுப்ப உலகம் முனைகையில், இவ்வறிவின் தேவை மேலும் பெருகும். ஆய்வுக்கூடத்தில் துத்தநாகத்தின்மேல் அமிலம் பட்டு எழும் குமிழிகளை வெறும் தேர்வுக்குரிய செய்முறையாக மட்டும் எண்ணாதிருப்போம். அவ்வணுக்களை அடக்கி வைப்பதில்தான் குழாயருகே உறங்கும் மக்களின் உயிர் இருக்கிறது.