எல்லா ரிப்போர்ட்டும் நார்மல்

பால் விடாத டீயே போடச் சொல்லியிருக்கிறேன். வயிற்றுக்கு எது ஆகும், எது ஆகாது என்று நீங்கள் மனத்துக்குள் ஒரு பட்டியல் வைத்திருப்பது தெரியும். ரத்தம், ஸ்கேன், ஸ்கோப் எல்லாம் பார்த்தாயிற்று. எல்லாம் நார்மல். “ஒன்றுமில்லை, டென்ஷனைக் குறையுங்கள்” என்று அனுப்பிவிட்டார்கள். கோபம் வரத்தான் செய்யும். வலிக்கிறவரிடம் ஒன்றுமில்லை என்று சொல்வது, பொய் சொல்கிறாய் என்பதற்கு ஒரு படிதான் குறைவு.

ஐ.பி.எஸ். என்று டாக்டர்கள் சொல்லும் இந்த நோயில் குடல் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். புண் கிடையாது, கட்டி கிடையாது. அது நடந்துகொள்ளும் விதத்தில்தான் கோளாறு. 1973இல் ரிச்சி என்ற ஆய்வாளர் பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் சிறு பலூனை வைத்து, 60 மில்லி காற்று ஏற்றிப் பார்த்தார். இந்த நோய் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மேல் வலித்தது. மற்றவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்குத்தான். ஏற்றிய காற்று ஒரே அளவு. செய்தியைக் கொண்டுபோகும் நரம்புதான், பூனை மேலே குதித்தாலே தெருவை எழுப்பும் கார் அலாரம் மாதிரி ஆகிவிட்டிருக்கிறது. ஸ்கோப்பில் இது தெரியாது.

அப்படியானால் டென்ஷனுக்குப் பங்கே இல்லையா? உண்டு. குடலுக்கும் மூளைக்கும் நடுவே இருவழிப் போக்குவரத்து. பரீட்சை நாளில் யாருக்குத்தான் வயிறு கலக்கவில்லை? ஆனால் எல்லாமே மனசுதான் என்பவர்களுக்கு நான் வாக்கர்ட்டன் கதையைச் சொல்வேன். கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்துச் சிற்றூர் அது. 2000 மே மாதப் பெருமழையில் பண்ணையின் மாட்டுச்சாணம் கரைந்து ஊர்க் குடிநீர்க் கிணற்றில் இறங்கியது. சுமார் 2,300 பேர் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். 7 பேர் இறந்தார்கள். இரண்டு மூன்று ஆண்டு கழித்து ஆய்வாளர்கள் அந்த ஊர்க்காரர்களை விசாரித்தார்கள். அன்று நோய் கண்டது உறுதியானவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஐ.பி.எஸ். அறிகுறிகள்; தப்பியவர்களில் பத்தில் ஒருவருக்கு. எட்டு ஆண்டு ஆன பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை. கிருமி போய்விட்டது, குடல் மட்டும் பழையபடி திரும்பவில்லை. “அந்தக் கல்யாணச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் சார் ஆரம்பிச்சது” என்று சொல்பவர்களைத் தயவுசெய்து நம்புங்கள்.

மூன்று மாதமாக வாரத்தில் ஒரு நாளாவது வயிற்றுவலி. கூடவே மலம் போகும் தடவையிலோ பதத்திலோ மாற்றம், போனதும் வலி குறைவது அல்லது கூடுவது. இப்படித்தான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, நடுராத்திரியில் எழுப்பும் பேதி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவது, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய்: இதில் ஒன்று இருந்தாலும் நான் சொல்வதை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள்.

இந்த நோய் உயிரை எடுக்காது. நாட்களை எடுத்துக்கொள்ளும். வெளியூர் போக பஸ் வேண்டாம், கழிப்பறை இருக்கும் ரயில்தான் வேண்டும். கல்யாணத்தில் மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்காராமல் நழுவ வேண்டும். ஆபீஸ் மீட்டிங்கில் கதவோர நாற்காலி. சர்க்கரையையும் பிரஷரையும் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற நாம், மலத்தை மட்டும் வீட்டுக்குள்ளேகூடப் பேச மாட்டோம். அதனால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் தெரியாமலே ஆண்டுகள் ஓடுகின்றன.

சாப்பாட்டுக்கு வருவோம். மெல்போர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த ஒரு முறை இருக்கிறது. சிலவகைச் சர்க்கரைகள் குடலில் முழுதாக உறிஞ்சப்படாமல் தண்ணீரை இழுக்கும். கிருமிகள் அவற்றைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். வெங்காயம், பூண்டு, பருப்பு, கோதுமை, பால் எல்லாம் அந்தக் கூட்டம். நம் சாம்பாரிலேயே இரண்டு மூன்று வந்துவிடுகிறது. உடம்புக்கு நல்லதென்று ராத்திரிச் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறி, உப்புசத்தை வாங்கிக்கொண்டவர்களும் உண்டு. அரிசிச் சோறு இந்த வயிற்றோடு சண்டை போடுவது குறைவு. அந்தக் கூட்டத்தைச் சில வாரம் நிறுத்திப் பார்த்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது படுத்துகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஆயுளுக்கும் ஒதுக்கினால் சத்துதான் போகும்; ஆகவே உணவியல் நிபுணரோடு செய்யுங்கள். நார்ச்சத்துக்காகத் தவிட்டை அள்ளிப் போடாதீர்கள், சிலருக்கு உப்புசம் கூடும். இசப்கோல் பரவாயில்லை. அதையும் கால் ஸ்பூனில் ஆரம்பியுங்கள்.