வளவு வீடு – 9: குப்புறப் பிறக்கும் கல்

சென்ற வாரம் கானாடுகாத்தான் செட்டியார் வீட்டின் நிலைக்கதவு வரை வந்து நின்றோம். பர்மாத் தேக்கு, கஜலட்சுமி எல்லாம் சொல்லியாயிற்று. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளட்டும். “எட்டு வாரமாகத் திண்ணையிலேயே உட்கார வைத்திருக்கிறீர்களே, உள்ளே எப்போது கூட்டிப்போவீர்கள்?” என்று மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நியாயமான கோபம்தான். இந்த வாரம் வளவு என்ற உள்முற்றத்தைக் கடந்து இரண்டாங்கட்டுக்குப் போய், அங்கிருக்கும் அடுப்புகளைப் பற்றிச் சொல்வதாகத்தான் இருந்தேன்.

வளவில் கால் வைத்தேன். அதோடு சரி.

“செருப்ப அங்கிட்டே கழட்டிப் போட்டுட்டு வாங்க தம்பி” என்றார் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி. மே மாதம், உச்சிவெயில். வெறுங்கால் தரையில் பட்டதும் முழங்கால் வரை ஒரு குளுமை ஏறியது. குனிந்து பார்த்தேன். முகப்பில் இத்தாலியப் பளிங்கு. வளவைச் சுற்றியிருக்கும் பத்தியில் ஆத்தங்குடிக் கல். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக, யாரோ ஜமுக்காளத்தை விரித்துவிட்டு மடிக்க மறந்துபோன மாதிரி இருந்தது.

“எண்ணெய் போடுவீங்களா ஆச்சி?”

“மாசத்துக்கு ஒருக்கா தேங்காயெண்ணெயத் தொட்டுத் துடைப்போம். மத்தபடி ஆளு நடக்க நடக்கத்தான் மினுக்கு. இப்ப யாரு நடக்கிறா?”

அன்று மாலையே ஆத்தங்குடிக்குப் போனேன். பக்கத்து ஊர்தான். அங்கே ஒரு பட்டறையில் பார்த்ததுதான் இந்த வாரக் கட்டுரையைத் தின்றுவிட்டது.

ஓடு என்றால் சூளை இருக்கும் என்று நினைத்துப் போனேன். சூளையும் இல்லை, நெருப்பும் இல்லை. ஒரு சதுரக் கண்ணாடியைத் துடைத்துத் தரையில் வைக்கிறார் பட்டறைக்காரர். அதைச் சுற்றி இரும்புச் சட்டம். அதற்குள் தகட்டில் செய்த பூ அச்சு. ஒவ்வோர் இதழும் ஒரு சின்ன அறை. சாயப்பொடி சேர்த்த சிமெண்டுக் கரைசலைக் கரண்டியால் மொண்டு, இந்த அறையில் சிவப்பு, அந்த அறையில் பச்சை என்று ஊற்றுகிறார். ஊற்றி முடித்ததும் அச்சை மெல்லத் தூக்குகிறார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நிறங்கள் ஒன்றோடொன்று கலக்கவே இல்லை. அதன்மேல் உலர்ந்த சிமெண்டு மணலைத் தூவி ஈரத்தை உறிஞ்ச விடுகிறார். பிறகு சாந்தை அள்ளிப் போட்டு, கையால் அழுத்தி, கரணையால் மட்டம் பார்க்கிறார். ஒரு கல் முடிந்தது. ஒரு நாள் விட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவார்கள். பிறகு வெயிலில் காயும்போது கண்ணாடி தானாகவே கழன்றுகொள்ளும்.

விஷயம் புரிகிறதா? கல்லின் முகம் கண்ணாடியைப் பார்த்தபடி கீழே இருக்கிறது. செய்கிறவர் பார்த்துக்கொண்டிருப்பது அதன் முதுகை. பூ சரியாக வந்ததா என்பது கண்ணாடி கழலும்போதுதான் தெரியும். அந்தப் பளபளப்பும் தேய்த்து வந்ததல்ல, கண்ணாடி கொடுத்தது. “தப்பா வந்தா?” என்று கேட்டேன். தொட்டி ஓரமாகக் கிடந்த கற்களைக் கண்ணால் காட்டினார். அதில் ஒன்றை, வயலட் வழிந்து தாமரை கசங்கியதை, எடுத்துவந்து மேஜையில் வைத்திருக்கிறேன். அதன்மேல்தான் இப்போது தேநீர்க் கோப்பை இருக்கிறது.

இதை ‘ஆயிரங்காலத்துப் பாரம்பரியம்’ என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியதே 1824இல். இந்தியாவில் போர்பந்தர் ஆலை சிமெண்டு தரத் தொடங்கியது 1914இல். சூளையில் வைக்காத சிமெண்டு ஓடு என்ற யோசனை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சில் பிறந்து, கப்பல் போன துறைமுகமெல்லாம் பரவியது. அங்கேயும் முகம் கீழே, முதுகு மேலேதான். ஆனால் அங்கே ஓட்டை இறுக்க ஒரு கனத்த அழுத்து இயந்திரம் வேண்டும். ஆத்தங்குடியில் உள்ளங்கை அழுத்துகிறது, கண்ணாடி மினுக்குகிறது. சிமெண்டும் கண்ணாடியும் கடல் தாண்டி வந்த சரக்கு. மணலும் கையும் ஊருடையவை. இதைப் பழையது என்று சொன்னால்தான் பெருமை என்று நான் நினைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கானாடுகாத்தான் வீட்டு வளவின் சுவரில், இடுப்புயரத்துக்குப் பதித்த ஓடுகள் ஜப்பானிலிருந்து வந்தவை. விக்டோரியா காலத்து இங்கிலாந்து ஓடுகளைப் பார்த்து ஜப்பான்காரர்கள் செய்தார்கள். நம்மவர்கள் வாங்கிப் பதித்தார்கள். இந்தியச் சந்தைக்கென்றே, ரவி வர்மா அச்சுப்படங்களைப் பார்த்து லட்சுமியையும் கிருஷ்ணனையும் ஓட்டில் வார்த்து அனுப்பியிருக்கிறார்கள். இந்த வீட்டில் சாமி ஓடு இல்லை, ரோஜாதான். தேடிப் பார்த்துவிட்டேன்; கழுத்து வலிதான் மிச்சம்.

இவ்வளவையும் வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்பதை ஐந்தாம் வாரத்தில் சொன்னேன். கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் 1930இல் இருந்தது 6 விழுக்காடு நிலம், 1938இல் 25. கடன் திரும்பாமல் வயலாக வந்து சேர்ந்த கணக்கு அது. வட்டிக்கு விட்டவர்கள் வயலைக் கேட்கவில்லை. 1942இல் ஜப்பான் படை வந்தபோது அந்த வயலும் போயிற்று. சுவரில் ரோஜா மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆசிரியர் குழுவிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. பக்கம் காத்திருக்கிறதாம். எனவே அடுப்பு அடுத்த வாரம். கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு ‘புள்ளி’. ஒரே கூரையின் கீழ் அவனுக்குத் தனி அறை, தனி உலை, தனிக் கணக்கு. அந்த ‘வேறு வைத்தல்’ சடங்கைப் பற்றி ஆச்சி சொன்னதை மூன்று பக்கம் குறித்து வைத்திருக்கிறேன்.

மதுரை வாசகிக்கு ஒரு செய்தி: இரண்டாங்கட்டுக்குள் நான் போகாமல் இல்லை. “காப்பி ஆறுது தம்பி” என்று ஆச்சி கூப்பிட்டபோது போனேன். அங்கேயும் முதலில் தரையைத்தான் பார்த்தேன். பூக்கல் இல்லை, வெறும் கருங்கல் தளம், சாணி மெழுகிய ஓரம். அப்புறம்தான் தலையை நிமிர்த்தினேன். சுவரை ஒட்டி வரிசையாக அடுப்புகள், ஏழு. ஆறில் சாம்பல்கூட இல்லை.