இருவர் பாடிய ‘போதும்’



பஜனையில் முதலில் தாளமில்லாமல் விருத்தம் பாடுவார்கள். பிறகு மிருதங்கம் விழுந்ததும் கூட்டமே நிமிர்ந்து உட்காரும் அல்லவா? ஏறக்குறைய அதே அமைப்பில் ஓர் அமெரிக்கப் பாட்டு உண்டு. 1979-ஆம் ஆண்டு பார்ப்ரா ஸ்ட்ரைசாண்டும் டோனா சம்மரும் சேர்ந்து பாடிய ‘நோ மோர் டியர்ஸ்’ என்பது அது. ‘இனிக் கண்ணீர் இல்லை’ என்று பொருள். அவ்வாண்டு இரண்டு வாரம் அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடத்தில் நின்றது.

பார்ப்ரா நாடக மேடையில் பேர் வாங்கியவர். டோனாவோ ‘டிஸ்கோ’ ஆட்டப் பாட்டின் அரசி. டிஸ்கோ என்றாலே வெறுங்கூச்சல் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். இந்தப் பாட்டைக் கேட்ட பிறகு எண்ணம் மாறியது.

தொடக்கத்தில் பாட்டு மெதுவாக நகர்கிறது. அன்பற்றுப்போன வாழ்வை நினைத்து மனம் கலங்குகிறது. நம் பாட்டிமார் ஒப்பாரியிலே கொட்டிய துயரந்தான். சிறிது நேரத்தில் பெரிய டிரம் அடிக்கு அடி தவறாமல் விழத் தொடங்குகிறது. அழுத குரல் நிமிர்ந்து, ‘போதும், நீ வெளியே போ’ என்று அந்த ஆணிடம் சொல்கிறது. ஒருத்தி சொன்னால் புலம்பல் என்று தள்ளிவிடுவார்கள். இங்கே ஒருத்தி விட்ட இடத்தில் மற்றவள் பிடித்துக்கொள்கிறாள்.

ஒலிப்பதிவின்போது நீண்ட ஸ்வரத்தை இழுத்த டோனா, மூச்சுத் திணறி நாற்காலியிலிருந்து விழுந்துவிட்டாராம். பார்ப்ரா தம் ஸ்வரத்தை முழுக்க முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார் என்று சொல்வார்கள்.