நெஞ்சுக்குள் செரிக்காத புகை

டீக்கடை பெஞ்சில் பீடி இழுப்பவருக்கு, வாய்வழியே வெளியேறும் புகைதான் கண்ணுக்குத் தெரியும். உள்ளே தங்கிவிட்டதைப் பார்க்க மருத்துவர்களிடம் ஒரு வழி உண்டு. மெல்லிய குழாய் வழியாக நுரையீரலின் ஒரு மூலைக்குள் உப்புநீரை விட்டு, அலசி, உறிஞ்சி எடுப்பார்கள். புகைப்பவரிடமிருந்து வந்த நீரில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தால், உருண்டையான பெரிய அணுக்களின் வயிற்றில் வெற்றிலைக் கறைபோலப் பழுப்புத் துகள்கள் அடைந்து கிடக்கும்.

மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கணுக்கள் அவை. காற்றுப்பைக்குள் வரும் தூசி, கிருமி, செத்த அணு எதுவானாலும் விழுங்கி, முடிந்ததை லைசோசோம் என்ற உள்வயிற்றில் செரித்துவிடும். புகைத்துகள் செரிப்பதில்லை. இத்தனைக்கும் புகைப்பவர் நுரையீரலில் விழுங்கணுக்கள் பல மடங்கு அதிகம். ஆள் கூடியும் வேலை நகராத அலுவலகங்களை நாம் பார்த்ததில்லையா?

2016இல் கேம்பிரிட்ஜில் லலிதா ராமகிருஷ்ணன் குழு, ஜீப்ரா மீன் குஞ்சுகளில், இப்படிச் செரிக்காதவை சேர்வதன் விளைவைக் கண்டது. லைசோசோம் அடைத்துக்கொண்ட விழுங்கணு நகரச் சிரமப்படுகிறது. காசநோய்க் கிருமியை விழுங்கிய அணு செத்துப்போனால், அக்கம்பக்கத்து விழுங்கணுக்கள் ஓடிவந்து அந்தச் சடலத்தைக் கிருமியோடு சேர்த்து அப்புறப்படுத்த வேண்டும். அவை வந்துசேராவிட்டால் கிருமி வெளியே சிந்தி, தங்குதடையின்றிப் பெருகும். புகைப்பவர்களின் அணுக்களைச் சோதித்தபோதும் அதே மந்தம்.

இதைப் படித்ததும் எனக்கு 2003ஆம் ஆண்டு லான்செட் இதழில் வந்த ஆய்வு நினைவுக்கு வந்தது. சென்னையிலும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் சுமார் 43,000 ஆண்களின் இறப்பை வீடுவீடாக விசாரித்துத் தொகுத்தது அது. புகைத்தவர்கள் காசநோயால் இறந்த விகிதம், புகைக்காதவர்களைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு. இந்திய ஆண்களின் காசநோய் மரணங்களில் பாதிக்குப் புகையே காரணம் என்றார்கள் கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோவும் மற்ற ஆய்வாளர்களும். காசநோய் என்றால் கிருமி, வறுமை, சத்தில்லாத சாப்பாடு என்றுதான் நாம் பேசுகிறோம். சட்டைப்பையிலிருக்கும் பீடிக்கட்டு அந்தப் பேச்சில் வருவதேயில்லை.

புகையால் எரிச்சலுற்ற விழுங்கணு இன்னொன்றும் செய்யும். காற்றுப்பைச் சுவருக்கு ரப்பர்போல இழுவை தருகிற எலாஸ்டினைக் கரைக்கும் நொதியைச் சுரக்கும். அந்த நொதியே இல்லாத எலிகளுக்கு மாதக்கணக்கில் சிகரெட் புகை காட்டியும் காற்றுப்பைகள் சிதையவில்லை என்று 1997இல் ஓர் ஆய்வு காட்டியது.

புகையை விட்டால் இந்த மந்தம் நீங்கலாம் என்கிறார்கள் அந்த ஆய்வாளர்கள். அடைத்துப்போன பழைய அணுக்கள் மடிய, சுறுசுறுப்பான புதியவை அங்கே குடியேறும். கரைந்துபோன சுவர்கள்தான் மறுபடி எழும்புவதில்லை.