வால்செட்ஸ்: ஆலையோடு எழுந்து ஆலையோடு மறைந்த ஊர்

அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில், பசிபிக் கடலோர மலைத்தொடரின் உட்பகுதியில், 1919 முதல் 1984 வரை வால்செட்ஸ் என்றொரு சிற்றூர் இருந்தது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் அம்மலைகளில் டக்ளஸ் ஃபிர், ஹெம்லாக் ஆகிய ஊசியிலை மரங்கள் ஓங்கி வளர்ந்திருந்ததால், மிச்சிகனைச் சேர்ந்த காப்ஸ் அண்ட் மிட்செல் நிறுவனம் காட்டை விலைக்கு வாங்கி, சமவெளியிலிருந்து இருப்புப்பாதை அமைத்து, அதன் முடிவில் அறுவை ஆலையையும் குடியிருப்பையும் ஒருசேர எழுப்பியது.

கூப்புகளில், அதாவது வெட்டுக்கென ஒதுக்கப்பட்ட காட்டுப் பகுதிகளில், சாய்க்கப்பட்ட மரங்கள் ஆற்றை மறித்துத் தேக்கிய குளத்தில் தள்ளப்பட்டன. மிதக்கும் தடிகளைத் தொழிலாளர் இரும்பு முனை பொருத்திய நீண்ட கழிகளால் நெம்பித் திருப்பி ஆலையின் வாய்க்குக் கொண்டுசேர்க்க, அவை சங்கிலியால் மேலே இழுக்கப்பட்டுப் பலகைகளாயின.

உச்ச காலத்தில் ஆயிரம் பேரளவு வாழ்ந்த வால்செட்ஸ், வீடும் கடையும் உணவுக்கூடமும் முதலாளிக்கே உரிமையான 'நிறுவன ஊர்' என்னும் வகையைச் சேர்ந்தது. அவ்வுணவுக்கூடத்தை நடத்தியவர்களின் மகளான டோரதி ஆன் ஹாப்சன், 1937இல் தமது ஒன்பதாம் வயதில் 'வால்செட்ஸ் ஸ்டார்' என்ற சிறு இதழைத் தொடங்கி 1941 வரை நடத்தியதால், மழையிலும் சேற்றிலும் ஒதுங்கிக் கிடந்த அவ்வூரின் பெயர் வெளியுலகுக்கும் தெரியவந்தது.

1959இல் ஊர் பாய்சி கேஸ்கேட் என்ற பெருநிறுவனத்தின் கைக்கு மாறியது. பருத்த முதுமரங்கள் அருகியதும், லாரிப் போக்குவரத்து பெருகியபின் மரத்தைக் காட்டிலேயே அறுக்கும் தேவை குறைந்ததும், 1980களின் தொடக்கத்தில் வட்டி உயர்வால் வீடு கட்டும் தொழில் முடங்கியதும் மலைநாட்டு ஆலைகளின் அடித்தளத்தையே அசைத்தன. 1984இல் வால்செட்ஸ் ஆலை மூடப்பட்டு, குடும்பங்கள் வெளியேறியபின், கட்டடங்கள் எரித்தும் இடித்தும் அகற்றப்பட்டு, ஊர் நின்ற நிலத்தில் மரக்கன்றுகள் நடப்பட்டன.

ஆலையை இழந்த மற்ற ஊர்களில், வீடும் மனையும் சொந்தமாக வைத்திருந்தவர்களால் வேறு பிழைப்பைத் தேடிக்கொண்டு ஊரிலேயே தங்க முடிந்தது. வால்செட்ஸ் மக்களுக்கோ ஒரு சென்ட் நிலமும் சொந்தமில்லை. ஆகவே, வேலையோடு ஊரில் தங்கும் உரிமையும் போயிற்று. வேலை தருபவரே வீட்டு உரிமையாளருமாக இருக்கும் எந்தக் குடியிருப்புக்கும் இந்த ஆபத்து உண்டு.